ஒரே காசு இரண்டு இருந்தால் எதை எடுப்பது?

1918ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் இரண்டு மேசைமேல் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. மற்றது சாம்பல் நிறமாகக் கறுத்து, எழுத்துகளைச் சுற்றி மட்டும் லேசாகப் பொன்னிறமும் ஊதாவும் காட்டுகிறது. போதாததற்கு விளிம்பில் ஒரு சின்னச் சொட்டை, அதாவது அடிபட்ட நசுங்கல். விலை இரண்டுக்கும் ஒன்றுதான். புதிதாகக் காசு சேர்க்க வருகிறவர்களின் கை நேராக வெள்ளைக்குத்தான் போகும். நான் கறுத்ததை எடுக்கச் சொல்வேன், சொட்டையோடு சேர்த்தே.

அந்தக் காலத்து ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. காற்றில் உள்ள கந்தகம் பட்டுப்பட்டு வெள்ளி மெதுவாக நிறம் மாறும். ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் மாறும். குமரி மாவட்டத்தில் கடற்காற்றும் உண்டு, வருஷத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இங்கே ஒரு வீட்டு அலமாரியில் நூறு வருஷம் கிடந்த காசு வெள்ளையாகவே இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அதைத் துலக்கியிருக்கிறார் என்பதுதான் பெரும்பாலும் பொருள். துலக்கினால் கறுப்பு மட்டும் போகாது. அச்சடித்தபோது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய மிக நுண்ணிய வரிகளும் சேர்ந்து போய்விடும். காசின் உயிர்ப்பு அந்த வரிகளில்தான் இருக்கிறது. அவை இருந்தால் காசைச் சாய்த்துச் சுழற்றும்போது வெளிச்சம் ஆரக்கால்களாகச் சுற்றிவரும். போய்விட்டால் காசு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளுப்பாகத் தெரியும். உண்மையிலேயே கை படாத வெள்ளைக் காசும் உண்டு. அதில் அந்தச் சுழலும் வெளிச்சம் இருக்கும். இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

எந்தப் பழுதைப் பார்த்தாலும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். இதை உண்டாக்கியது யார்? காசில் எந்த இடத்தில் இருக்கிறது? இது நின்றுபோன பழுதா, இன்னும் வளர்கிற பழுதா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. நம் ஊருக்கு அதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம்.

முதலில் பார்க்கிற முறை. கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில் காசு வாங்காதீர்கள். அந்தப் பரந்த வெளிச்சம் மயிரிழைக் கீறல்களை அப்படியே மறைத்துவிடும். ஒரே இடத்திலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும். மேசை விளக்கு ஒன்று போதும், அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். கீழே மெத்தென்ற துணியை விரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகையில் உள்ள உப்பும் எண்ணெயும் சில மாதத்தில் காசில் பதிந்து நிரந்தரமாகிவிடும்.

லென்ஸை உடனே எடுக்க வேண்டாம். ஒரு முழத் தூரத்தில் வெறுங்கண்ணால் பாருங்கள். முகத்தில் களை இருக்கிறதா, கண்ணை உறுத்துவது ஏதாவது உண்டா என்று மட்டும். பிறகு விளக்குக்குக் கீழே சாய்த்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குப் பிறகு ஐந்து மடங்கு லென்ஸ், தேவைப்பட்டால் பத்து மடங்கு. பக்கவாட்டு விளிம்பையும் முழுவதுமாகச் சுற்றிப் பாருங்கள். கடைசியில் தராசு. எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் வெறுங்கண்ணால் பாருங்கள். முதலிலேயே லென்ஸைப் பிடித்தால் எல்லாக் காசும் பழுதாகத்தான் தெரியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிக்காக நல்ல காசைக் கைவிட நேரும்.

துலக்கிய காசை அடையாளம் காண்பது பழகினால் எளிது. விபூதி, மணல், பாத்திரம் துலக்கும் பொடி, டூத்பேஸ்ட் எதைக்கொண்டு தேய்த்திருந்தாலும் இணையான மெல்லிய கோடுகள் கூட்டமாக விழுந்திருக்கும். காசைச் சுழற்றும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அவை மொத்தமாகப் பளிச்சிடும். புழக்கத்தில் விழும் கீறல்கள் அப்படி வராது. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகும், ஆழமும் வேறுபடும். இன்னொரு தடயம் எழுத்துகளின் இடுக்கு. தேய்த்த துணி அங்கே புகாது. களம், அதாவது உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பு, வெள்ளையாக, எழுத்தின் ஓரம் மட்டும் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளியை வெளுக்கும் திரவத்தில் முக்கி எடுத்த காசில் கோடு இருக்காது. ஆனால் வெளிச்சம் சுழலாது, பார்க்க உயிரில்லாமல் இருக்கும்.

கீறலின் வயதையும் நிறம் சொல்லிவிடும். கீறலுக்குள்ளும் வெளியிலும் ஒரே கறுப்பு என்றால் அது பழையது, காசோடு சேர்ந்து வயதானது, அவ்வளவாக உறுத்தாது. சுற்றிலும் கறுத்திருக்க, கீறல் மட்டும் வெள்ளிக் கம்பியாக மின்னினால் அது சமீபத்தியது. அதே நீளம், அதே ஆழம்தான். ஆனாலும் கண் அங்கேயே போய் நிற்கும். அப்படி இரண்டு காசு கிடைத்தால் பழைய கீறல் உள்ளதையே எடுங்கள்.

கறுப்பிலும் நல்லது கெட்டது உண்டு. இயற்கையாக ஏறும் நிறம் ஒரு வரிசையில் வரும்: முதலில் வெளிர் பொன், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம், கடைசியாகக் கறுப்பு. படலத்தின் தடிமன் கூடக்கூட, அதன் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்றோடொன்று குறுக்கிடும் விதம் மாறுவதால் அந்த வரிசை. பெரும்பாலும் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிப் போகும். கந்தகப் புகையோ அவித்த முட்டையோ வைத்து அவசரமாக ஏற்றிய நிறத்தில் இந்த வரிசை இருக்காது. பொன்னிறமே இல்லாமல் திடீரென்று அடர் நீலத் திட்டு நிற்கும், துலக்கிய கோடுகளின் மேலேயே நிறம் படிந்திருக்கும். வானவில் நிறம் என்று சொல்லி இணையத்தில் கூடுதல் விலை கேட்பவற்றில் இதை முதலில் பாருங்கள்.

குமரி மாவட்டத்தில் வெள்ளி ரூபாய் வாங்குகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நகையாக இருந்த காசு. வளையம் பற்றவைத்துக் கழுத்தில் கோத்துப் போட்ட ரூபாய்கள் இங்கே வீடுகளிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. வடசேரி கோயில் நகை வேலைக்குப் பேர்போன ஊர். தேர்ந்த ஆசாரி வளையத்தை எடுத்து அராவி, மெருகிட்டுக் கொடுத்தால் முகத்தில் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. விளிம்பில்தான் கண்டுபிடிக்க முடியும். தலைக்கு நேர் மேலே, பன்னிரண்டு மணி இடத்தில், விளிம்பைச் சுற்றி வெட்டியிருக்கும் பக்கவாட்டு வரிகளைப் பாருங்கள். ஓரிடத்தில் வரிகள் ஆழம் குறைந்தோ இடைவெளி மாறியோ மழுங்கியோ இருந்தால் அங்கே பற்று இருந்திருக்கிறது. பற்றவைத்த உலோகத்தின் நிறமும் சற்றே மஞ்சளாகத் தெரியும். துளையிட்டு அடைத்த காசு என்றால் இருபுறமும் அதே இடத்தில் எழுத்து கொஞ்சம் குழைந்து தெரியும்.

தராசு இங்கே கைகொடுக்கும். ரூபாயின் நிர்ணய எடை 11.66 கிராம், அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92. நன்றாகத் தேய்ந்த ரூபாய் 11.4 காட்டினால் நியாயம். ஆனால் முடி, உடை, கிரீடம் எல்லாம் கூர்மையாக இருந்து, எடை மட்டும் 11.3 என்றால் அது பொருந்தாது. எங்கோ அராவியிருக்க வேண்டும், அல்லது காசே வார்ப்புப் போலி. நிர்ணய எடையைவிடக் குறிப்பிடும்படி கூடுதலாகக் காட்டினாலும் ஒதுக்கிவிடுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதுமானது. வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு ஒட்டுக்கோடும், களத்தில் ஊசிமுனைக் குழிகளும் தெரியும். 1939 ரூபாய் அரிது என்பதால் அதில் போலி அதிகம்; ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள களத்தை லென்ஸில் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இனி, பழுது இருக்கும் இடம். இரண்டு மில்லிமீட்டர் கீறல் ஒன்று தாடைமேல் இருப்பதும் அங்கியின் பூவேலைக்குள் இருப்பதும் ஒன்றாகாது. கன்னம், மூக்குக்கு முன்னால் உள்ள வெற்றுக் களம், ஆண்டு, ஆலைக் குறி (காசை அடித்த நாணய ஆலையின் அடையாளம்) ஆகிய இந்த நான்கு இடங்களிலும் பழுது இருந்தால் காசின் களை போய்விடும். முடி, மாலை, கிரீடத்து மணிகள் இவற்றுக்குள் இருந்தால் தேடித்தான் பார்க்க வேண்டும். விளிம்புச் சொட்டை இரண்டுக்கும் நடுவில். அது எழுத்துவரை ஏறியிருந்தால் கனமாகக் கணக்கிடுங்கள், வெளி வரம்போடு நின்றால் விட்டுவிடலாம். தொடக்கத்தில் சொன்ன 1918 ரூபாயின் சொட்டையை நான் பொறுத்தது அதனால்தான். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம் கீழே, தாமரைக்கு அடியில் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. அந்த இடத்தில் ஒரு குத்து விழுந்திருந்தால் எந்த ஆலை என்றே சொல்ல முடியாது. 1862 விக்டோரியா ரூபாயிலும் இதே கதைதான். அந்த ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள். புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்துத்தான் வகை பிரிக்கிறோம். புள்ளி இருக்கும் இடம் தேய்ந்த காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் வகை சேர்ப்பவருக்குப் பயன்படாது.

சில காசுகளில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். 1911 ரூபாய் அப்படிப்பட்டது. மன்னரின் அங்கியில் தொங்கும் மாலையில் உள்ள யானை, பன்றியைப்போல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. வெளியீட்டை நிறுத்தி, 1912இல் துதிக்கையைத் திருத்தி அடித்தார்கள். பன்றி ரூபாய் என்று பேரே விழுந்துவிட்டது. அந்தக் காசை வாங்குவதே அந்த யானைக்காகத்தான். முகம் பளிச்சென்று இருந்து யானை தேய்ந்துபோனதைவிட, கன்னத்தில் இரண்டு கீறல் இருந்தாலும் யானையின் காலும் துதிக்கையும் பிரிந்து தெரிகிற காசே மேல். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

ஆலையிலேயே வந்த பழுதைப் பொறுத்துக்கொள்ளலாம், சில சமயம் விரும்பவும் செய்யலாம். களத்தில் மேடாக ஒரு கோடு ஓடினால் அது காசு அடிக்கும் அச்சில் விழுந்த விரிசல். பள்ளமாக இருந்தால் பிற்பாடு விழுந்த கீறல். விரல் வைக்க வேண்டாம், வெளிச்சத்தைச் சாய்த்தாலே மேடா பள்ளமா என்று தெரிந்துவிடும். அழுத்தம் குறைந்து அடித்த காசையும் தேய்ந்த காசையும் குழப்பிக்கொள்வது நிறைய நடக்கிறது. தேய்ந்த இடம் வழுவழுப்பாக, சுற்றியுள்ள பகுதியைவிட வேறு நிறத்தில், மங்கலாக இருக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் உருவம் முழுமையாக இருக்காது, ஆனால் பளபளப்பு அங்கேயும் தொடரும். அடிப்பதற்கு முன் தகட்டில் இருந்த சொரசொரப்பும் தெரியலாம். தேய்ந்ததை விலையில் குறைக்க வேண்டும். அழுத்தம் குறைந்தது கண்ணுக்குக் கொஞ்சம் குறை, அவ்வளவுதான்.

செம்புக்கும் வெண்கலத்துக்கும் வந்தால் கணக்கே மாறிவிடும். திருவிதாங்கூர்க் காசுகள் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொந்தச் சொத்து மாதிரி. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று இங்கே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1956 நவம்பர் 1இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இது திருவிதாங்கூர் (கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சி) மண்தானே. காசில் ஆண்டு இருந்தால் அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டு. 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறக்குறைய வந்துவிடும். இந்தச் செம்புக் காசுகள் இன்றும் நல்ல எண்ணிக்கையில் கிடைக்கின்றன. அதனால் பழுதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

நல்ல செம்பு பொதுவாக ஒரே சீரான பழுப்பு. சாக்லேட் நிறமோ காப்பி நிறமோ, எதுவானாலும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மூலச் சிவப்பு தங்கியிருந்தால் அதிர்ஷ்டம். புளி போட்டுத் தேய்த்த செம்பு வெளிர் ரோஜா நிறமாக, புண் ஆறின தோல் மாதிரி இருக்கும்; பிறகு கறுக்கும்போதும் திட்டுத்திட்டாகவே கறுக்கும். ஒரு சக்கரக் காசு இரண்டு இருந்து, ஒன்று ரோஜா நிறத்தில் மன்னர் தலை தெளிவாகவும், மற்றது சீரான பழுப்பில் சற்றுத் தேய்ந்தும் இருந்தால் பழுப்பையே எடுங்கள்.

ஆனால் செம்பில் நிறத்தைவிடப் பெரிய விஷயம் பச்சை. இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. பச்சை இரண்டு வகை. ஒன்று, கரும்பச்சையாக, வழுவழுப்பாக, காசோடு ஒட்டிக்கொண்ட படலம். மரப் பல்குத்தியால் மெதுவாகத் தள்ளினாலும் வராது. அது நின்றுபோனது, பழைய செம்புக்குப் பாதுகாப்பும்கூட. மற்றது வெளிர் பச்சைப் பொடி. அங்கங்கே புள்ளியாகப் பூத்திருக்கும். பல்குத்தி பட்டால் மாவாக உதிரும், அடியில் குழி தெரியும். கடல் உப்பிலிருந்து வரும் குளோரைடு செம்புக்குள் இறங்கி, ஈரமும் காற்றும் கிடைக்கும்போதெல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். துடைத்துவிட்டால் சில வாரம் ஒழுங்காக இருக்கும், மழைக்காலம் வந்ததும் மறுபடி பூக்கும். குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் தகரப் பெட்டியில் கிடந்த செம்பில் இதைக் குறிப்பாகத் தேடிப் பாருங்கள். தேய்மானம் இன்றோடு நின்றுவிட்டது, கீறல் விழுந்ததோடு முடிந்தது. இந்தப் பச்சை மட்டும் நீங்கள் பணம் கொடுத்த பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எவ்வளவு அழகான காசாக இருந்தாலும் பொடிப் பச்சை ஒரு புள்ளி கண்டால் விட்டுவிடுங்கள். எண்ணெய் பூசி மறைத்து விற்பதும் உண்டு. செம்புக் காசு ஈரமாகப் பளபளத்தால் எழுத்துகளின் இடுக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையால் அடித்த பழங்காசுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அரை கிராம்கூட இல்லாத வெள்ளிச் சக்கரத்தைக் குழி வெட்டிய மரப்பலகையில் கொட்டி எண்ணினார்கள், அவ்வளவு பொடி. அதில் உருவம் நடுவில் விழுவதே அபூர்வம். ராஜராஜன் செம்புக் காசிலும் அச்சு பெரிது, தகடு சிறிது. நிற்கும் உருவமும் மறுபுறம் உட்கார்ந்த உருவமும் தலை முதல் கால்வரை விழுந்திருந்தால் பெரிய விஷயம். இவற்றில் ஓரம் வெட்டுப்பட்டிருப்பதைப் பழுதாக எடுக்க வேண்டாம். முக்கிய உருவம் முழுசா, நாகரி எழுத்தில் எவ்வளவு தகட்டுக்குள் இருக்கிறது என்று பாருங்கள். தேய்ந்திருந்தாலும் முழுசாக இருப்பது, கூர்மையாக இருந்து பாதி வெட்டுப்பட்டதைவிட மேல். மண்ணில் புதைந்து கிடந்து கிடைத்த காசு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும்.

அரிதான காசுக்கும் சாதாரணக் காசுக்கும் ஒரே கண்டிப்பைக் காட்ட முடியாது. ஐந்தாம் ஜார்ஜ் கால் அணா தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதில் கீறல், துலக்கல் எதையும் ஏற்காதீர்கள், அடுத்த வாரம் இன்னொன்று வரும். கிடைப்பதற்கு அரிய காசில் துலக்கியது, வளையம் எடுத்தது என்று தெரிந்தே வாங்கலாம், விலையை அதற்குத் தக்கபடி பேசி. தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரம் போட்டுத் தருகிற நிறுவனங்களுக்கும் இது தெரியும். அப்படித் தரம் போடும் அமெரிக்க நிறுவனங்களான, 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ்ஸும் 1987இல் தொடங்கிய என்ஜிசியும் 1 முதல் 70 வரை எண் கொடுக்கின்றன. துலக்கிய, பற்று எடுத்த காசுக்கு எண் இல்லாமல் ‘டீட்டெய்ல்ஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்பும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே எண் போட்ட இரண்டு காசில் ஒன்றின் கன்னத்தில் கறை, மற்றதில் விளிம்போரம் பொன்னிறம் என்று இருக்கலாம். பெட்டியை மறந்து, காசைச் சாய்த்துப் பாருங்கள்.

இணையத்தில் வாங்குவதானால் நேராக எடுத்த ஒரு படத்தை நம்ப வேண்டாம். விளக்குக்குக் கீழே காசைச் சாய்த்துச் சுற்றும் பத்து விநாடி வீடியோ கேளுங்கள், விளிம்பையும் காட்டச் சொல்லுங்கள், தராசில் வைத்த படமும் வேண்டும். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

வாங்கிய பிறகு நாமே பழுது உண்டாக்குவதும் நடக்கிறது. மிருதுவான, வாசனை வரும் பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் பிவிசி. அது நாளாக நாளாகப் பசபசவென்று பச்சைப் பிசினை வெள்ளியின்மேல் விட்டு அரிக்கும். ஆரம்ப நிலையில் தூய அசிட்டோனில் சில நிமிஷம் ஊறவைத்தால் பிசின் கரைந்துவிடும். கண்ணாடிக் கிண்ணம் இரண்டு வைத்து, முதலில் ஒன்றில், பிறகு புதிதாக ஊற்றிய மற்றதில். தேய்க்கவே கூடாது, தானாக உலரட்டும். நெயில் பாலிஷ் எடுக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது ஆகாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுக்களையில் செய்யாதீர்கள். மைலார் (பாலியெஸ்டர்) உறையும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடும் பாதுகாப்பானவை. ஸ்டேப்ளர் ஊசி அடித்த அட்டை உறை நம் ஊர்க் காற்றில் துருப்பிடிக்கும், காசை வெளியே எடுக்கும்போது ஊசிமுனை கீறும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. அதைச் சுற்றிவைத்த வெள்ளியில் கறுப்புக் கோடு விழும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல நிறத்தது ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு நிறத்தது பச்சையாகும். நிறம் மாறியதை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடியும் பயன்படும். வைகாசித் தொடக்கத்திலும் ஐப்பசித் தொடக்கத்திலும், மழை பிடிப்பதற்கு முன் ஒருமுறை, பெட்டியைத் திறந்து ஜெல்லின் நிறத்தையும் செம்புக் காசுகளையும் பார்த்துவிடுங்கள்.